மேசைப் போரும் முதிய நட்பும்

இங்கிலாந்து நாட்டின் எத்தனையோ வீடுகளில் காணத்தக்க காட்சி இது. உணவு மேசையின்மேல் பச்சைத் துணி ஒன்று விரிக்கப்பட்டிருக்கிறது. துணியின் அடியில் அடுக்கிய புத்தகங்கள் குன்றுகளாகப் புடைத்து நிற்கின்றன. நீலத்தாள் நறுக்கு ஓர் ஆறு. காய்ந்த பாசிக் கொத்துகள் ஒரு காடு. அட்டையால் செய்த சிறு வீடுகள் நான்கு ஓர் ஊர். குன்றுகளின் இப்புறமும் அப்புறமும் ஓர் அங்குல உயரமே உள்ள ஈய வீரர்கள் நூற்றுக்கணக்கில் அணிவகுத்து நிற்கின்றனர். ஒவ்வொருவன் சட்டைக்கும் உரிய நிறம் தீட்டப்பட்டிருக்கிறது. கழுத்துப்பட்டையின் நிறம் படைப்பிரிவுக்குப் படைப்பிரிவு வேறுபடுகிறது. பொத்தான்களில்கூட வெள்ளியும் பொன்னும் பிரித்துக் காட்டப்பட்டுள்ளன. மேசையின் இருபுறமும் முதியவர் இருவர். ஒருவர் கையில் அளவுநாடா. மற்றவர் கையில் பகடைகள் இரண்டு. நாற்பது ஆண்டுகளாக அவர்கள் நண்பர்கள். நாற்பது ஆண்டுகளாக ஒருவரை ஒருவர் தோற்கடிக்க முயன்றும் வருகிறார்கள்.

இவ்விளையாட்டைச் சதுரங்கத்தின் உடன்பிறப்பு எனக் கருதுவார் உண்டு. உறவு உண்மையே; ஆயினும் வேற்றுமை பெரிது. சதுரங்கப் பலகையில் 64 கட்டங்கள். காய் நகரும் வழி வரையறுக்கப்பட்டது. வெட்டுண்ட காய் ஐயத்துக்கு இடமின்றி வெட்டுண்டதே. ஈயப்படைப் போரில் கட்டங்கள் இல்லை. காலாட்படை ஒரு முறைக்கு இத்தனை அங்குலம் நடக்கலாம், குதிரைப்படை இத்தனை அங்குலம் பாயலாம் என்று விதிநூல் வகுத்திருக்கும்; அதனை நாடாவால் அளந்தே நகர்த்தவேண்டும். சேற்று நிலத்தில் நடை குறையும், குன்றேறினும் குறையும். துப்பாக்கிச் சூட்டின் விளைவைப் பகடை சொல்லும்.

இவை அனைத்தினும் வியப்பானது மன உறுதிச் சோதனை என்னும் விதி. இழப்பு ஓர் அளவைக் கடந்தாலோ, பக்கத்தில் நின்ற படை சிதறினாலோ, ஒரு படைப்பிரிவு நிலைத்து நிற்குமா, புறங்காட்டி ஓடுமா என்று பகடை உருட்டிப் பார்க்கவேண்டும். தலைவன் முன்னேறச் சொல்கிறான்; ஈயம் ஓடிவிடுகிறது! சதுரங்கக் காலாளுக்கு அச்சம் இல்லை. ஈயக் காலாளுக்கு அச்சம் உண்டு என்பதை விதிநூல் ஏற்றுக்கொள்கிறது. போரை வெறும் கணக்காகக் கருதும் தளபதிகள் பலர் மறந்துவிட்ட உண்மையை ஒரு பொழுதுபோக்கின் விதிநூல் நினைவில் வைத்திருப்பது குறிப்பிடத்தக்கது.

மற்றொரு செய்தியும் உண்டு. நெப்போலியன் காலப் போர்களுக்கென 1970-களில் இங்கிலாந்தில் பரவிய விதிநூல்களில் ஓர் உருவம் 20 வீரருக்கு ஈடு என்றும், 33 வீரருக்கு ஈடு என்றும் கணக்கிட்டனர். எனவே மேசையிலிருந்து ஒரு பொம்மையை விரல் நுனியால் எடுத்து அப்பால் வைக்கும்போது, முப்பத்துமூன்று பேர் போர்க்களத்தை விட்டு நீங்குகின்றனர். அவர்கள் அனைவரும் மாண்டவர் அல்லர். சிலர் காயமுற்றோர்; சிலர் காயமுற்றோரைத் தூக்கிச் செல்லும் சாக்கில் நழுவியோர்; சிலர் காட்டுக்குள் ஒளிந்தோர். யார் யார் என்று விளையாடுவோர் கேட்பதில்லை. அந்தப் பொம்மை அடுத்த வாரம் பெட்டியிலிருந்து வெளிவந்து அதே அணியில் நிற்கும்.

இங்கேதான் அறவழிப்பட்ட வினா ஒன்று தலைநீட்டுகிறது. மாந்தர் மாண்ட நிகழ்ச்சியை மேசைமேல் வைத்து மகிழ்வது முறையா?

வாட்டர்லூவை எடுத்துக்கொள்ளலாம். 1815 ஜூன் 18-ஆம் நாள், சில சதுர மைல் பரப்புள்ள நிலத்தில், ஒரே பகலில் 40,000-க்கும் மேற்பட்டோர் இறந்தோ காயமுற்றோ வீழ்ந்தனர். குதிரைகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. வென்றவராகிய வெலிங்டனே, மறுநாள் விடியுமுன் மருத்துவர் இறந்தோர் பெயர்களைப் படித்துக் காட்டியபோது கண்ணீர் விட்டார். களத்தில் கிடந்தோரின் பற்கள் பிடுங்கப்பட்டுச் செல்வர்களின் பொய்ப்பற்களாயின. ஐரோப்பியப் போர்க்களங்களின் எலும்புகள் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டு, அரைத்து உரமாக வயல்களில் இடப்படுவதாக 1820-களில் ஆங்கில இதழ்கள் எழுதின. இத்தகைய நாளைத்தான் தேநீரும் ரொட்டியும் அருகிருக்க, இரு கிழவர்கள் மீண்டும் மீண்டும் நடத்திப் பார்க்கின்றனர்.

காலம் கடந்துவிட்டது, ஆகவே குற்றமில்லை என்பது வழக்கமான விடை. இவ்விடை போதாது. எத்தனை ஆண்டு கழிந்தால் ஒரு சாவு விளையாட்டுக்கு உரியதாகும்? நூறா, இருநூறா? 2022-ஆம் ஆண்டில், வாட்டர்லூப் போரின்போது களமருத்துவமனையாக விளங்கிய மோன்-சேன்-ழான் பண்ணையருகே அகழ்ந்தபோது முழு மனித எலும்புக்கூடு ஒன்று வெளிப்பட்டது. அருகே வெட்டி எறியப்பட்ட கைகால்களின் எலும்புகளும் குதிரைகளின் எலும்புகளும் கிடந்தன. அகழ்ந்தவர்களுள் தற்காலப் போர்களில் பங்குகொண்டு மீண்ட படைவீரர்களும் இருந்தனர். அவர்களுக்கு அந்த எலும்பு தொலைவானதாகத் தோன்றியிருக்காது. காலத்தின் தொலைவு மன்னிப்பு வழங்கும் என்று எவரும் உறுதி கூறுதல் இயலாது.

இவ்விளையாட்டு பிறந்த வரலாறும் அதற்குச் சாதகமான சான்று பகர்வதாக இல்லை. 1806-இல் நெப்போலியனிடம் படுதோல்வி கண்ட பிரஷ்ய நாட்டில், ரைஸ்விட்ஸ் என்னும் அரசு அலுவலர் 1812-இல் தம் அரசருக்குப் போர் விளையாட்டு மேசை ஒன்றைச் செய்து அளித்தார். அவர் மைந்தர் பீரங்கிப்படை அதிகாரி. அவர் 1824-இல் அதனைத் திருத்தி, உண்மையான நிலப்படத்தின்மேல் சிவப்பும் நீலமுமான சிறு கட்டைகளை நகர்த்தும் பயிற்சியாக மாற்றினார். தளபதி மியூஃப்லிங் அதனைக் கண்டு, இது விளையாட்டன்று, போருக்குரிய பள்ளி என்னும் கருத்துப்படப் பாராட்டிப் படைகளிடையே பரப்பினார். இளைய ரைஸ்விட்ஸ் அந்தப் பெருமையை நெடுநாள் துய்க்கவில்லை. 1827-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஆயினும் அவர் விளையாட்டு வாழ்ந்தது. 1870-71-இல் பிரஷ்யப் படை பிரான்சை வென்றபின், பிற நாட்டுப் படைகளும் அதனைக் கற்கத் தொடங்கின. மகாபாரதத்தில் சூதாட்டம் போருக்குக் காரணமாயிற்று என்பது தமிழ் மாணவர் அனைவரும் அறிந்த கதை. பிரஷ்யாவில் ஆட்டமே போரின் ஆசிரியனாக அமர்ந்துவிட்டது.

இதற்கு நேர்மாறான நோக்கம் உடையவர் எச். ஜி. வெல்ஸ். அவர் 1913-இல் 'சிறு போர்கள்' என்னும் பொருள்படும் பெயரில் நூலொன்று வெளியிட்டார். அவருடைய பீரங்கி, சுருள்வில்லால் மரக்குச்சியை எறியும் பொம்மை. குச்சி பட்டு விழுந்த வீரன் இறந்தவன். தரையில் மண்டியிட்டு இவ்வாறு சுட்டுப் பார்த்த அவ்வெழுத்தாளர், நூலின் இறுதியில் எதிர்பாராத ஒரு முடிவுக்கு வருகிறார். சிறு போரையே இத்தனை தவறுகளோடு நடத்தும் மாந்தர் அறிவு, பெரும்போரை நடத்தத் தகுதியற்றது. போர்வெறி கொண்டோரை எல்லாம் ஓர் அறையில் பூட்டிப் பொம்மைகளைக் கொடுத்துவிடலாம் என்பது அவர் கருத்தின் சாரம். மறு ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. வெல்ஸ் தாமும் அப்போரை ஆதரித்து, அது போருக்கே முடிவு கட்டும் போர் என்று எழுதினார். பொம்மைகள் அவருக்குக் கற்பித்த பாடம் ஓராண்டுகூட நிலைக்கவில்லை என்று நகைப்பது எளிது. நகைப்பவர் தாம் கற்ற பாடங்களின் ஆயுளையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

ஆக, இவ்விளையாட்டு தன்னளவில் மனிதனைக் கொடியவனாக்கும் என்றோ, நல்லவனாக்கும் என்றோ கூற இயலவில்லை. போரை நேரில் கண்டவர்களே இதனை விரும்பி ஆடியுள்ளனர். இரண்டாம் உலகப்போரில் கவசவண்டிப் படையில் பணியாற்றிய டொனால்ட் ஃபெதர்ஸ்டோன், பின்னர் இயன்முறை மருத்துவராக வாழ்ந்தவர். 1962-இல் அவர் எழுதிய நூல் இங்கிலாந்தில் ஒரு தலைமுறையையே ஈயப்படைப் போருக்கு ஈர்த்தது. பிரிகேடியர் பீட்டர் யங், டியெப்பிலும் நார்மண்டியிலும் போரிட்டு வீர விருதுகள் பல பெற்றவர். அவரும் நண்பரொருவரும் சேர்ந்து 1967-இல் விதிநூல் ஒன்று எழுதினர். குருதியைக் கண்ட கண்கள் பொம்மைகளை வெறுக்கவில்லை. ஏன் என்பதற்கு எளிய விடை தேடவேண்டா. களத்தில் அவர்களுக்கு வாய்க்காத ஒன்று மேசையில் வாய்த்தது: எதிரியோடு அமர்ந்து, போர் முடிந்தபின் எங்கே தவறினோம் என்று பேசும் வாய்ப்பு.

ஈயத்துக்கு வலி இல்லை. இஃது அனைவரும் அறிந்ததே. ஆயினும் அதிலிருந்து எழும் ஒன்றைப் பலரும் கருதுவதில்லை. மேசைமேல் உள்ள எவருக்கும் தீங்கு செய்ய முடியாது என்றால், தீங்கு செய்யக்கூடிய இடம் அவ்வறையில் ஒன்றே ஒன்றுதான்: எதிரே நிற்கும் நண்பர். உண்மைப் போரில் தளபதி தன் வீரருக்குச் செய்யவேண்டியவை, எதிரிக்குச் செய்யத் தகாதவை, கைதிக்கும் காயமுற்றோனுக்கும் காட்டவேண்டியவை எனப் பரந்து கிடக்கும் கடமைகள் அனைத்தும் இங்கே சுருங்கி, இருவரிடையே உள்ள நான்கடி இடைவெளியில் வந்து குவிகின்றன. நாடாவை இழுத்துப் பிடிக்கிறானா, தளர்த்திப் பிடிக்கிறானா? மேசை விளிம்பில் சாய்ந்து நின்ற பகடையை மீண்டும் உருட்டுகிறானா, தனக்கேற்ற எண்ணாக இருப்பின் வாளாவிருக்கிறானா? இவை சிறியவை. ஆனால் அங்கு வேறு பெரியவை இல்லை.

பிரஷ்ய அதிகாரிகளின் ஆட்டத்தில் நடுவர் ஒருவர் இருந்தார். இரு தரப்பும் தத்தம் ஆணைகளை எழுதி அவரிடம் அளிக்கும்; அவர் விதிப்பட்டியலை ஆராய்ந்து விளைவைக் கூறுவார். பட்டியல்கள் பெருகி ஆட்டம் இழுபறியானதால், 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்னும் தளபதி, பட்டியல்களை ஒதுக்கிவிட்டு, அனுபவமிக்க நடுவர் தம் அறிவால் தீர்ப்பளிக்கட்டும் என்றார். விதியா, நடுவரின் மதிப்பீடா என்னும் வழக்கு அன்றே எழுந்தது. நண்பர் இருவர் வீட்டில் ஆடும்போது நடுவர் இல்லை. ஒவ்வொருவரும் தளபதியாகவும் நடுவராகவும் ஒருங்கே இருந்தாகவேண்டும். தன் வழக்கில் தானே நீதிபதியாவது எத்துணை அரிது என்பதைத் தமிழ் மன்னர் கதைகள் பலவாறு கூறும். இங்கே ஒவ்வொரு மாலையும், மாற்று வழியின்றி, அது நிகழ்கிறது.

உருவங்களை எங்கே வைப்பது என்பதேகூட நேர்மைக்குச் சோதனையாகும் என்பதற்கு வில்லியம் சைபோர்ன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரியின் வரலாறு சான்று. வாட்டர்லூக் களத்தின் பெரும் மாதிரி ஒன்றைச் செய்யும் பணியை 1830-இல் ஏற்ற அவர், களத்தின் நடுவேயுள்ள லா ஹே செயின்ட் பண்ணைவீட்டில் எட்டுத் திங்கள் தங்கி நிலத்தை அளந்தார். போரில் பங்குகொண்ட அதிகாரிகளுக்கு மடல்கள் எழுதி, அந்த மாலை ஏழு மணி அளவில் அவரவர் எங்கே நின்றனர் என்று கேட்டார். விடைகள் குவிந்தன; சில ஒன்றையொன்று மறுத்தன. அரசு பணம் கொடுப்பதை இடையில் நிறுத்தியது. அவர் கடனில் ஆழ்ந்தார். 1838-இல் இலண்டனில் மாதிரி காட்சிக்கு வந்தது. அதில் ஏறத்தாழ 75,000 சிற்றுருவங்கள். பிரஷ்யப் படைக்கு இத்துணை இடம் அளித்ததை வெலிங்டன் விரும்பவில்லை. பின்னர் பிரஷ்ய வீரர்களுள் பெருந்தொகையினர் மாதிரியிலிருந்து அகற்றப்பட்டனர். அதன் காரணம் பற்றி வரலாற்றாசிரியரிடையே வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. இன்று அம்மாதிரி இலண்டன் தேசியப் படை அருங்காட்சியகத்தில் உள்ளது. அரை அங்குலத்தினும் சிறிய தகரப் பொம்மையை ஓரிடத்தில் நிறுத்துவதா, எடுப்பதா என்பதில் ஒரு நாட்டின் பெருமையும் ஒரு மனிதனின் நேர்மையும் சிக்கிக்கொண்டன.

இனி அம்முதியவர் இருவரிடம் மீள்வது தகும். அவர்கள் கற்பனை மாந்தரே. ஆயினும் அவர்களது நிலை கற்பனையன்று. மூத்தவருக்கு வயது எழுபத்தெட்டு என்றும், இளையவர் அவரினும் ஐந்தாண்டு சிறியவர் என்றும் கொள்ளலாம். மூத்தவர் எப்போதும் பிரெஞ்சுப் படைக்கே தலைவர். சென்ற குளிர்காலம் முதல் அவர் ஆட்டத்தில் ஒரு மாற்றம். குன்றின் பின்னே தாமே நிறுத்திய குதிரைப்படையை மறந்துவிடுகிறார். ஒருமுறை ஒரே படைப்பிரிவை இருமுறை நகர்த்தினார். இருபது ஆண்டுகளுக்கு முன் தம் கையால் விதிநூலில் எழுதிச் சேர்த்த விதியை, இது யார் எழுதியது என்று வினவினார். இளையவர் இவற்றைக் கண்டார், எவரிடமும் கூறவில்லை.

இன்று வாட்டர்லூ. மூத்தவர் தம் பீரங்கிகளை முன்னே கொண்டுவந்துவிட்டு, அவற்றைக் காக்கவேண்டிய காலாட்படையை வேறெங்கோ அனுப்பிவிட்டார். வரலாற்றிலும் இத்தகைய தவறுகள் உண்டு. அதே களத்தில் மார்ஷல் நே, காலாட்படையின் துணையின்றிக் குதிரைப்படையை அலை அலையாக ஏவி, ஆங்கிலேயரின் சதுர அணிகளில் மோதி வீணாக்கினார். ஆனால் நே செய்தது ஆவேசத்தால். இவர் செய்தது மறதியால். இளையவரின் குதிரைப்படை அருகே நிற்கிறது. கண்ணளவிலேயே தெரிகிறது, தூரம் எட்டும். பாய்ந்தால் பீரங்கிகள் வீழும். பிரெஞ்சுப் படையின் இடப்புறம் குலையும். தேநீர் ஆறுமுன் போர் முடியும். மூத்தவர் வேறு பக்கம் பார்த்து, தம் காவற்படையின் அணிவகுப்பைத் திருத்திக்கொண்டிருக்கிறார்.

இளையவர் என் செய்வார்?

பாய்வதே நேர்மை என்பார் உளர். அவர்கள் கூற்றில் வலிமை உண்டு. நாற்பது ஆண்டும் இருவரும் முழு வலிமையோடு மோதினர் என்பதே அவர்கள் நட்பின் மரியாதை. இன்று கை தாழ்த்தினால், நீ இனி எனக்கு நிகரல்லை என்று சொல்லாமற் சொன்னதாகும். ஆயினும் ஒன்று உண்டு. எதிரி காணாத இடத்தில் பாய்ந்து பெறும் வெற்றி போர்த்தந்திரம்; எதிரியால் காண இயலாமற்போன இடத்தில் பாய்ந்து பெறும் வெற்றி யார்மேல் பெற்ற வெற்றி? அங்கே தோற்றவர் நண்பர் அல்லர். அவரை மெல்ல மெல்லக் கைப்பற்றி வரும் மூப்பின் பக்கம் நின்றே இளையவர் போரிட்டவராகிறார்.

விட்டுக்கொடுப்பதே அன்பு என்பார் மற்றொரு சாரார். நாடாவைச் சற்றே வளைத்துப் பிடித்து, அரை அங்குலம் எட்டவில்லை என்று கூறிவிட்டால் தீர்ந்தது. யாருக்கு நட்டம்? சிறுவர்களோடு ஆடும் பெரியோர் நாள்தோறும் இதனைச் செய்கின்றனர் அல்லவா என்பர். ஆர். எல். ஸ்டீவன்சன் 1881-82 குளிர்காலத்தில், சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் நோயோடு தங்கியிருந்தபோது, பதின்மூன்று வயதான தம் வளர்ப்பு மகனோடு பரண் அறைத் தரையில் நிலப்படம் வரைந்து வாரக்கணக்கில் ஈயப்படைப் போர் நடத்தினார். எழுத்தாளரின் மறைவுக்குப் பின் 1898-இல் அம்மகன் வெளியிட்ட குறிப்புகளைப் படிப்போர், அவர் அவ்விளையாட்டை எத்துணை முனைப்போடு ஆடினார் என்பதைக் காண்பர். அது நிற்க. சிறுவனுக்கு விட்டுக்கொடுப்பதற்கும் முதியவருக்கு விட்டுக்கொடுப்பதற்கும் ஓர் அடிப்படை வேற்றுமை உண்டு. சிறுவன் வலிமையை நோக்கி வளர்கிறான். அவனுக்கு அளித்த சலுகை ஆண்டுதோறும் தேய்ந்து, ஒருநாள் தேவையற்றுப்போகும். அந்நாளில் தந்தையும் மகனும் சேர்ந்தே நகைப்பர். முதியவருக்கு அளிக்கும் மறைவான சலுகையோ ஆண்டுதோறும் வளர்ந்தாகவேண்டும். இன்று அரை அங்குலம். அடுத்த ஆண்டு இரண்டு அங்குலம். பின்னர் பகடையின் எண்ணையே மாற்றிச் சொல்லவேண்டும். முடிவில் மேசையின் இருபுறமும் ஒருவரே ஆடிக்கொண்டிருப்பார். எதிரே இருப்பவர் ஆடுவதாக எண்ணிக்கொண்டிருப்பார்.

அதனினும் கொடிய விளைவு மற்றொன்று. மறைவு எப்போதேனும் வெளிப்படும். வெளிப்படும் நாளில் மூத்தவர் இழப்பது அந்த ஒரு வெற்றியை மட்டுமன்று. பத்தாண்டுக்கு முன் பெற்ற வெற்றியும் இப்படித்தானா? முப்பதாண்டுக்கு முன், ஊர் நண்பர்களிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்த அந்த வெற்றியும் இப்படித்தானா? இன்று இட்ட பொய் பின்னோக்கி ஓடி, மெய்யான வெற்றிகள் அனைத்தின்மேலும் நிழல் வீழ்த்துகிறது. ஆசிரியர்கள் இதனை நன்கறிவர். இரக்கத்தால் ஒருமுறை கூட்டிப்போட்ட மதிப்பெண், உழைத்துப் பெற்ற மதிப்பெண்களையும் அம்மாணவன் கண்ணில் ஐயத்துக்கு உரியனவாக்கிவிடும். கொடுத்தவர் மறந்துவிடுவார், பெற்றவன் மறப்பதில்லை.

வெளிப்படையான சலுகை வேறு வகையைச் சேர்ந்தது. ஈயப்படை ஆட்டத்தில் அதற்கு இடம் மிகுதி. இரு படைகளின் அளவை முன்கூட்டியே ஏற்றத்தாழ்வாக வகுக்கலாம். ஆணைகளைத் தாளில் எழுதி எதிரே வைத்துக்கொண்டு ஆடலாம்; மறந்த குதிரைப்படையைத் தாள் நினைவூட்டும். மூன்றாம் நண்பரை நடுவராக அமர்த்தலாம். இருவரும் ஒரே பக்கம் நின்று, எதிர்ப்படையை விதிநூலும் பகடையும் நடத்துமாறு விடலாம். இவற்றுள் எதிலும் பொய் இல்லை; எவருடைய மானமும் குறைவதில்லை; விதி மாறினும் இருவரும் அதன்முன் நிகர். எளிய வழிதான் என்று தோன்றும். ஆயின் இதற்கு ஒரு விலை உண்டு. விதியை மாற்றவேண்டுமாயின், ஏன் மாற்றவேண்டும் என்று ஒருவர் வாய்திறந்து கூறவேண்டும். நாற்பது ஆண்டுகளாகப் படைகளைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிப் பழகிய இருவர், அதனைப் பேசியதில்லை. பீரங்கிகளை நோக்கிப் பாய்வது அவர்களுக்குக் கைவந்தது, இது கைவராதது.

பேசாமலே விட்டுவிடுதல்தான் பெருந்தன்மை, முதுமையை முகத்துக்கு நேரே சுட்டுவது கொடுமை என்னும் எதிர்வாதமும் கருதத்தக்கதே. நோயுற்றோனிடம் நோயைப் பற்றிப் பேசாதிருத்தலை நாகரிகமாகக் கொள்ளும் வழக்கம் இங்கிலாந்துக்கு மட்டும் உரியதன்று. ஆனால் பேசாமை யாரைக் காக்கிறது என்று கேட்டாகவேண்டும். பெரும்பாலும் அது பேசவேண்டியவரைத்தான் காக்கிறது. மூத்தவர் தம் மறதியை அறியாதவர் என்று கொள்வதற்கும் சான்று இல்லை. தம் கையெழுத்தைத் தாமே அடையாளம் காணாத மனிதர், அன்றிரவு வீடு திரும்பி அமைதியாக உறங்கியிருப்பார் என்று யார் சொல்ல முடியும்?

அந்த மேசைக்கு ஒரு சிறப்பு உண்டு. வாட்டர்லூக் களத்துக்கு அது இல்லை. மேசையில் எல்லாம் இருவர் கண்முன்னும் விரிந்து கிடக்கிறது. 33,000 வீரரோடு வேவ்ரு பக்கம் சென்ற குரூஷி வரமாட்டார் என்பதை நெப்போலியன் அறியார். மேசையில் நிற்பவர் அறிவார். பிற்பகலில் பிளாஞ்செனுவா ஊர்ப்பக்கம் பிரஷ்யர் வந்துசேர்வர் என்பதையும் அறிவார். அறிந்தும் இருவரும், அறியாதவர் போல, ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து ஆடுகின்றனர். வரப்போவது இன்னது என்று தெரிந்தபின்னும் முறைப்படி ஆடும் பழக்கம் அவர்களுக்கு நெடுங்காலமாகவே உண்டு.

இளையவர் அளவுநாடாவை மேசைமேல் வைக்கிறார். அளக்கவில்லை. சற்று நேரம் தம் குதிரைகளைப் பார்க்கிறார். பின், "உன் இடப்புறத்துப் பீரங்கிகளைப் பார்த்தாயா?" என்கிறார்.

மூத்தவர் காவற்படையிலிருந்து கையை எடுத்துத் திரும்புகிறார். பீரங்கிகளைப் பார்க்கிறார், அவற்றின் பின்னே வெறுமையாய்க் கிடக்கும் பச்சைத் துணியைப் பார்க்கிறார், தொலைவில், யாரும் தாக்காத ஒரு தோப்பைக் காத்து நிற்கும் தம் காலாட்படையையும் பார்க்கிறார். நெடுநேரம் ஒன்றும் கூறவில்லை. வெளியே மழை.

"பார்க்கவில்லை" என்கிறார் இறுதியில். "இந்த ஆண்டு நான் பலவற்றைப் பார்ப்பதில்லை. நீ கவனித்திருப்பாய்."

"கவனித்தேன்."

"எத்தனை நாளாக?"

"பனிக்காலத்திலிருந்து."

மூத்தவர் தலையசைக்கிறார். கை நீட்டி நாடாவை அவரே எடுக்கிறார். நடுங்கும் விரலால் அதன் ஒரு நுனியை ஆங்கிலக் குதிரையின் முன்காலில் பதித்து, மறுநுனியைத் தம் முதற் பீரங்கிவரை இழுத்து, குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி எண்ணைப் படிக்கிறார்.

"பதினொன்றரை அங்குலம். எட்டுகிறது" என்று கூறிவிட்டு, பகடைகளை மேசையின் குறுக்கே நண்பர் பக்கம் தள்ளுகிறார்.